மானுடவியல் படித்தவர்கள் ராணுவத்துக்கு உதவுவது தவறா? உதவினால் சாவு குறையாதா?

எம்.ஏ. மானுடவியல் படித்தவன் நான். தவறு என்பதுதான் என் பதில். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் இரண்டாவது கேள்வியைச் சட்டென்று தள்ளிவிட முடியாது.

2007-ல் ஆப்கானிஸ்தானுக்கு அமெரிக்க ராணுவம் மானுடவியல் படித்தவரும் இருந்த ஒரு சின்னக் குழுவை அனுப்பியது. திட்டத்தின் பெயர் 'ஹியூமன் டெரெய்ன் சிஸ்டம்'. மலை, ஆறு மாதிரி மனிதர்களும் ஒரு நிலப்பரப்பாம்! எந்த ஊரில் யார் பேச்சு எடுபடும், யாருக்கும் யாருக்கும் நிலத்தகராறு என்று விசாரித்துத் தளபதியிடம் சொல்ல வேண்டும். ஊரைப் புரிந்துகொண்டால் துப்பாக்கிக்கு வேலை குறையும் என்பது கணக்கு. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க மானுடவியல் சங்கத்தின் நிர்வாகக் குழு இதை எதிர்த்து அறிக்கை விட்டது.

எனக்கு உறுத்துவது சம்மதம்தான். களப்பணிக்குப் போன ஊரில் ஒரு பாட்டியிடம் கடன் பற்றிக் கேட்டேன். "இத எழுதிக்கிட்டுப் போயி யாருகிட்ட காட்டுவ?" என்றார். காலேஜில் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நகைய வச்சத எழுதாத" என்றார். நான் எழுதவில்லை. கேட்கிறவர் பக்கத்தில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நிற்கும்போது எந்தப் பாட்டி அப்படிச் சொல்வார்? சொன்னதெல்லாம் கடைசியில் யாரைக் குறிவைக்கப் பயன்படும் என்பது கேட்டவருக்கே தெரியாது.

இதற்காகப் போனவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாலா லாய்ட் மானுடவியல் பட்டதாரி. 2008 நவம்பரில் காந்தஹார் மாகாணத்து மைவந்தில், எரிபொருள் கேனோடு வந்த ஒருவரிடம் அதன் விலையை விசாரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அந்த ஆள் அதை அவர் மேலேயே ஊற்றித் தீ வைத்துவிட்டார். இரண்டு மாதம் உயிருக்குப் போராடி லாய்ட் ஜனவரியில் இறந்தார். பிடிபட்டுக் கை கட்டப்பட்டிருந்த அந்த ஆளை, லாய்டின் குழுவைச் சேர்ந்த ஒருவரே சுட்டுக் கொன்றார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குச் சிறை இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்பும் அபராதமும் மட்டும். சாவைக் குறைக்கப் போன குழு அது. திட்டம் 2014-ல் மூடப்பட்டது.

எங்கள் துறை ரொம்ப யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. முதல் உலகப் போரின்போது ஆய்வு என்ற பெயரில் நாலு பேர் உளவு பார்த்தார்கள் என்று 1919-ல் அமெரிக்க மானுடவியலின் முன்னோடியான ஃபிரான்ஸ் போவாஸ் பத்திரிகையில் எழுதினார். இதே அமெரிக்க மானுடவியல் சங்கம்தான் அப்போது கண்டனத் தீர்மானம் போட்டது, உளவு பார்த்தவர்கள் மேல் இல்லை, எழுதிய போவாஸ் மேல். அதைத் திரும்பப் பெற்றது 2005-ல். அவர் இறந்தே அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.