வளர்ப்பா, வம்சமா, வேதிப்பொருளா?

மனநோயின் காரணங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் மகனுக்கு 21 வயது. மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா: இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நம்புவது) என்று சொல்லிவிட்டார்கள். "நீ திட்டித் திட்டி வளர்த்ததாலதான் இப்படி ஆயிட்டான்" என்கிறார் மாமியார். என் வளர்ப்புதான் காரணமா?
– வாசகி, விருதுநகர்

இல்லை அம்மா. இந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதே இல்லை.

உங்கள் மாமியாரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. மருத்துவர்களே ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினார்கள். 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் 'மனச்சிதைவை உண்டாக்கும் தாய்' என்றே எழுதினார். அதன் பிறகு எத்தனையோ தாய்மார்கள் குற்றவாளிகளைப் போல நடத்தப்பட்டார்கள். அந்தத் தாய்களை மருத்துவர்கள் பார்த்ததே பிள்ளைக்கு நோய் வந்த பிறகுதான். பிள்ளை ராத்திரி முழுக்கத் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தால் எந்தத் தாய்தான் பதறமாட்டாள்? நோயால் வந்த பதற்றத்தை நோய்க்குக் காரணம் என்று எழுதிவிட்டார்கள்.

1966இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் லெனார்ட் ஹெஸ்டன் வேறு விதமாகப் பார்த்தார். மனச்சிதைவு உள்ள தாய்களுக்குப் பிறந்து, மூன்று நாளுக்குள் பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரில் 5 பேருக்கு அந்த நோய் வந்திருந்தது. நோயில்லாத தாய்களுக்குப் பிறந்து, அதேபோலப் பிரிந்து வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. 'தாயின் வளர்ப்புதான்' என்ற பேச்சு அங்கேயே ஆட்டம் கண்டது.

ஆனால் நோய் வந்த பின் வீட்டுப் பேச்சுக்கு நிறைய வேலை உண்டு. ஓயாமல் குத்திக்காட்டும் வீட்டில் நோய் மறுபடி தலைதூக்குவது அதிகம். குளிக்காமல் கிடப்பது சோம்பல் அல்ல, நோயின் அறிகுறி. "வெந்நீர் வச்சிருக்கேன், குளிச்சிட்டு வாப்பா" என்று ஒரே ஒரு வேலையை, ஒரு முறை மட்டும் சொல்லுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், காத்திருங்கள். மாமியாரையும் அடுத்த முறை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

அண்ணனுக்கு மனச்சிதைவு. எனக்கு வரன் பார்க்கிறார்கள். எனக்கோ, பிறக்கப்போகும் குழந்தைக்கோ வருமா?
– வாசகி, ஈரோடு

பொதுவாக 100 பேரில் சுமார் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் 100க்கு 9 அல்லது 10. அதாவது 90 பேருக்கு வருவதில்லை. உங்கள் குழந்தைக்கு அண்ணன் தாய்மாமன் முறை; அந்த உறவில் 100க்கு 3, 4தான்.

மரபணு மட்டுமே காரணமென்றால், ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே ஆகவேண்டும். ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் வருகிறது. கர்ப்பகாலப் பட்டினி, பிரசவச் சிக்கல், கஞ்சா என்று வேறு பலவும் சேர வேண்டியிருக்கிறது. இதில் உங்கள் கையில் இருப்பது கஞ்சாவைத் தொடாமல் இருப்பது. வரன் சொந்தத்தில் அமைந்தால், அந்தப் பக்கமும் இந்த நோய் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மரபணுப் பரிசோதனையில் முன்கூட்டியே தெரியும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படிச் சொல்லக்கூடிய பரிசோதனை இன்று இல்லை.

மனச்சோர்வுக்கு எட்டு மாதமாக எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. சாப்பிடுகிறேன். 'செரடோனின் குறைவு' என்றார் மருத்துவர். அது பொய் என்று இணையத்தில் படித்தேன். நிறுத்திவிடலாமா?
– வாசகர், திருச்சி

செரடோனின் என்பது மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள். அதன் 'குறைவு' என்பது நோயாளிக்குப் புரியட்டும் என்று சுருக்கிச் சொன்னது. அப்படிச் சுருக்கியிருக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மாத்திரை செரடோனினைச் சில மணி நேரத்திலேயே கூட்டிவிடுகிறது. மனம் தெளிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகிறது. குறைவுதான் நோய் என்றால் அன்று மாலையே தெளிந்திருக்க வேண்டும். 2022இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வும் அந்தக் குறைவுக்கு உறுதியான சான்று இல்லை என்றது. ஆனால் காரணம் பற்றிய விளக்கம் தவறு என்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்று ஆகாது.

திடீரென்று நிறுத்தினால் சில நாட்களில் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் சொடுக்குவது போன்ற உணர்வு வரலாம். 'நோய் திரும்பிவிட்டது' என்று பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். முழுக்கத் தெளிந்த பிறகு குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தெளிந்த நாளிலிருந்து எண்ணுங்கள், தொடங்கிய நாளிலிருந்து அல்ல. பிறகு மருத்துவரோடு பேசி 10ஐ 5 ஆக்கி, சில வாரம் பார்த்து 2.5 ஆக்கலாம். கடைசிப் படிதான் கடினம்: சின்ன அளவு மருந்தே மூளையில் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுவதால், 2.5இலிருந்து பூஜ்யத்துக்கு வருவதை உடம்பு பெரிய இறக்கமாக உணரும்.

19 வயது மகள். பத்து நாளாகத் தூக்கமில்லை, சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், வாய் கோணுகிறது, நேற்று வெட்டி இழுத்தது. காற்று சேட்டை, கட்டிவைத்து மந்திரிக்க வேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், ராமநாதபுரம்

உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறோம். ஒரு நாளும் தாமதிக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

நல்ல பெண் சில நாளில் இப்படி மாறி, வலிப்பும் வந்தால் மூளை அழற்சியை (மூளை வீங்குவதை) முதலில் சந்தேகிக்க வேண்டும். அதில் ஒரு வகையை 2007இல் ஜோசப் டால்மாவ் குழுவினர் கண்டறிந்தார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குகிறது; இளம் பெண்களில் பலருக்குச் சினைப்பையில் உள்ள கட்டி அதைத் தூண்டிவிடுகிறது. முதுகுத்தண்டு நீரைப் பரிசோதித்தால் தெரியும். ஸ்டீராய்டு முதலிய மருந்துகளாலும், கட்டி இருந்தால் அதை அகற்றுவதாலும் பெரும்பாலோர் நன்றாகத் தேறுகிறார்கள்.

சாமி கும்பிடுங்கள், ஓதிப் பாருங்கள், அதில் தப்பில்லை. கட்டிப்போடுவது மட்டும் கூடாது. உங்கள் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த ஒரு காப்பகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவது குற்றம்.

போகும்போது தூக்கம் கெட்டது, பேச்சு மாறியது, வாய் கோணியது, வலிப்பு என்று தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் காய்ச்சலோ தலைவலியோ இருந்ததா என்று யோசித்து, இருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.