பல்லியின் கண்ணில் எதை விடலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கெக்கோ எனும் வளர்ப்புப் பல்லிகளின் கண் தொடர்பானவை. பலரும் ஒன்றையே கேட்டிருப்பதால் சிலவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். போன முறை வைத்த வேண்டுகோளை மறுபடியும் வைக்கிறேன்: எந்த இனம், என்ன எடை, என்ன தீனி, அதில் எந்தச் சத்துப் பவுடர், தொட்டியின் சூடான பக்கத்தில் எத்தனை டிகிரி என்று எழுதுங்கள். இவை இல்லாத கடிதத்துக்கு ஊகத்தில்தான் பதில் சொல்ல முடியும். ஊகத்தில் மருந்து சொல்ல மாட்டேன்.

எங்கள் கெக்கோ இரண்டு நாளாகக் கண்ணை மூடியே வைத்திருக்கிறது. என்ன மருந்து போடலாம்?

எந்தக் கெக்கோ? லெப்பர்ட் கெக்கோவுக்கு இமை உண்டு, கண்ணை மூடும். கிரெஸ்டட் கெக்கோவுக்கும் டோக்கே கெக்கோவுக்கும் நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கும் இமையே கிடையாது. அவற்றின் கண்மேல் கண்ணாடி போன்ற தோல் மூடியிருக்கும், அதை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். அந்த இனங்களில் கண் 'மூடியிருக்கிறது' என்றால் மேலே ஏதோ ஒட்டியிருக்கிறது அல்லது வீங்கியிருக்கிறது என்று பொருள்.

உங்களுடையது லெப்பர்ட் என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரு கண் மட்டும் மூடியிருந்தால் முதலில் அடிபட்டதா, தூசி விழுந்ததா, உரிந்த தோல் சிக்கியதா என்று பாருங்கள். இரண்டு கண்ணும் என்றால் தீனி, விளக்கு, புகை இவற்றைச் சந்தேகியுங்கள். அறையில் கொசுவத்திச் சுருள் ஏற்றுகிறவர்கள் இன்றே நிறுத்திவிடுங்கள். பார்வை போனால் இரையைக் குறிபார்க்க முடியாது, தீனி நின்றுவிடும். அதனால் இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோல் உரித்த பிறகு ஒரு கண் திறக்கவில்லை. இமைக்குள் வெள்ளையாகத் தெரிகிறது. ட்வீசரால் இழுக்கலாமா? (கோவை)

கூடாது. கண்ணின் முன்னால் உள்ள தெளிந்த கருவிழிப்படலமும் (கார்னியா) சேர்ந்து கிழியும்.

ஒரு சிறு டப்பாவில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை விரித்து, மூடியில் துளையிட்டு, கெக்கோவை 15, 20 நிமிடம் உள்ளே விடுங்கள். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைனைக் கண்ணில் தாராளமாக விட்டு, நனைத்த பஞ்சுக் குச்சியை இமையோரமாக மெல்ல உருட்டுங்கள். தோல் தானாக வந்தால் வரட்டும். இரண்டு நாள் செய்தும் வராவிட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். வீட்டில் உப்பைக் கரைத்துச் சலைன் செய்ய வேண்டாம்.

தோல் என்று நினைப்பது பல சமயம் சீழாக இருக்கும். ஊர்வனவற்றின் சீழ் ஓடாது, கட்டியாகிவிடும். நான் இமையை விலக்கிக் கழுவும்போது வெந்த அரிசிப் பருக்கை அளவுக்கு, அதே நிறத்தில் உருண்டு வரும். ஒரே கண்ணில் இரண்டு, மூன்று பருக்கை எடுத்ததுண்டு. அது வெளியே வந்த அடுத்த நிமிடமே விலங்கு கண்ணைத் திறந்து பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

தொட்டியில் ஈரப் பொந்து இருக்கிறதா? மூடியுள்ள டப்பாவில் ஒரு வாசல் வெட்டி, நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசி அல்லது கோகோபீட்டை நிரப்பிச் சூடான பக்கத்தில் வைத்தால் போதும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் இது இல்லாமல் தோல் சரியாக உரியாது.

பையனுக்குக் கண் சிவந்தபோது வாங்கிய சொட்டு மருந்து பாதி மீதமிருந்தது. கெக்கோவின் கண் கலங்கியபோது அதை விட்டேன். முதல் இரண்டு நாள் நன்றாகத் தெளிந்தது. இப்போது கண் முழுக்க வெள்ளையாகிவிட்டது. (சென்னை)

இந்தக் கடிதத்தை நான் ஆண்டுக்குப் பத்து முறையாவது வேறு வேறு கையெழுத்தில் படிக்கிறேன். படிக்கும் ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

அந்தப் புட்டியை எடுத்து மருந்தின் பெயரைப் படியுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு 'டெக்சாமெத்தசோன்' என்று சேர்ந்திருக்கும், அல்லது 'பிரெட்னிசோலோன்' என்று முடியும். அது ஸ்டீராய்டு. சிவப்பையும் வலியையும் அடக்கும், அதனால்தான் முதல் இரண்டு நாள் தெளிந்தது போல் தெரிந்தது. கருவிழிப்படலத்தில் சிறு கீறல் இருந்தாலும், அது ஆற விடாமல் தடுப்பதும் கிருமிக்கு வழிவிடுவதும் அதே மருந்துதான். மனிதரின் கருவிழிப்படலம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன். கெக்கோவுக்கு அதில் சிறு பங்குதான். புண் ஆழமாகப் போக நாள் கணக்கு போதும்.

அளவையும் யோசியுங்கள். 60 கிலோ மனிதருக்கு விடும் அதே ஒரு சொட்டைத்தான் 60 கிராம் விலங்குக்கு விடுகிறீர்கள். எடைக்கணக்கில் அது உங்கள் கண்ணில் ஆயிரம் சொட்டு விட்டதற்குச் சமம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெட்டை லெப்பர்ட் கெக்கோவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். செல்லப்பிராணிக் கடையில் லேபிள் கிழித்த ஒரு புட்டியைக் கொடுத்து, 'எல்லாக் கண்ணுக்கும் இதுதான்' என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது நாள் விட்டிருந்தார்கள். ஃப்ளூரெசீன் சாயம் ஏற்றிய தாளை நனைத்துக் கண்ணில் தொட்டு நீல விளக்கைக் காட்டினேன். புண் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். அவளுக்குக் கண்ணில் முக்கால் பாகம் ஒளிர்ந்தது, நடுவில் ஒரு கருப்புப் புள்ளி. படலம் அங்கே ஏறக்குறைய ஓட்டையாகியிருந்தது. கண்ணை எடுக்கத்தான் வேண்டியிருந்தது. கண்ணில் மண்துகள் விழுந்த முதல் நாளே சலைன் விட்டு அதைக் கழுவியிருந்தால் அந்தக் கண் இன்றைக்கும் இருந்திருக்கும்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. ஆனாலும் விற்கிறார்கள், வாங்குகிறார்கள், மீந்ததை ஃபிரிட்ஜ் கதவில் வைக்கிறார்கள். திறந்து ஒரு மாதமான புட்டியை மனிதர் கண்ணிலும் விடக் கூடாது. பச்சைச் சாயப் பரிசோதனை செய்யாமல் கெக்கோவின் கண்ணில் ஸ்டீராய்டு எழுதித் தரும் மருத்துவரிடமும் 'புண் இல்லை என்று பார்த்தீர்களா?' என்று தயங்காமல் கேளுங்கள்.

நீங்கள் இன்றே மருந்தை நிறுத்திவிட்டு, புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நாளை என்று தள்ளிப்போடாதீர்கள்.

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், பன்னீர்: எது நல்லது?

மூன்றும் வேண்டாம். நந்தியாவட்டையின் பால் எரிச்சல் தரும், தாய்ப்பாலில் கிருமி வளரும், கடைப் பன்னீரில் என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. சலைன் தவிர வேறு எதையும் கண்ணில் விடாதீர்கள்.

இரண்டு கண்ணும் வீங்கியிருக்கிறது. வைட்டமின் ஏ குறைவு என்கிறார்கள். மனிதருக்கான மாத்திரையைக் குத்திச் சொட்டு விடலாமா? (பினாங்கு)

காரணம் சரியாக இருக்கலாம். வழி தவறு. 25,000 அலகு மாத்திரை 60 கிலோ மனிதருக்கானது. இந்தச் சத்து உடலில் தங்கும், மிகுந்தால் தோல் வெந்தது போல் உரியும். அப்படி வந்தவற்றைப் பார்த்திருக்கிறேன், பார்க்கச் சகிக்காது.

உங்கள் பவுடர் டப்பாவைப் பாருங்கள். 'பீட்டா கரோட்டின்' மட்டும் இருந்தால், பூச்சி தின்னும் லெப்பர்ட் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. 'ரெட்டினால்' அல்லது 'ரெட்டினைல்' என்று இருக்கும் கலவைப் பவுடரை வாரம், பத்து நாளுக்கு ஒரு முறை பூச்சியில் தூவுங்கள். கால்சியம் அது தனி. ஏற்கெனவே வீங்கிய கண்ணுக்கு அளவை மருத்துவர் எடை போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

ஆல்பினோ லெப்பர்ட். விளக்குப் போட்டால் கண்ணைச் சுருக்குகிறது.

சுருக்கத்தான் செய்யும். கெக்கோக்கள் இருட்டுக்கான கண் கொண்டவை. ஆப்பிரிக்கக் கெக்கோ ஒன்று, நமக்கு எல்லாம் சாம்பலாகத் தெரியும் மங்கிய நிலவொளியிலும் நிறம் பிரித்தறிவதை 2004-ல் ஆய்வில் காட்டினார்கள். ஆல்பினோவுக்குக் கண்ணில் நிறமியும் குறைவு. வெள்ளை விளக்கை எடுத்துவிட்டு, தெர்மோஸ்டாட் மாட்டிய ஹீட் மேட்டால் சூடான பக்கத்தை 32 டிகிரி அளவில் வையுங்கள். ஒளிந்துகொள்ள மூன்று இடமாவது வேண்டும். சுருள் வடிவப் புற ஊதா விளக்கு தலைக்கு அருகில் இருந்தால் சாதாரண நிறக் கெக்கோவின் கண்ணும் வெந்துபோகும்.

கிரெஸ்டட் கெக்கோவின் கண் உள்ளே வெள்ளையாகப் புடைத்திருக்கிறது. ஆன்டிபயாட்டிக் சொட்டு பத்து நாள் விட்டும் பலனில்லை.

பலன் இருக்காது. கண்மேல் உள்ள கண்ணாடித் தோலைத் தாண்டி மருந்து உள்ளே போகாது. வாயைத் திறந்து பார்த்தீர்களா? வாய்ப்புண்ணின் கிருமி கண்ணீர்க் குழாய் வழியே மேலேறி அந்தத் தோலுக்கு அடியில் சீழ் கட்டும். மருத்துவர் அதில் சிறு துளையிட்டுக் கழுவ வேண்டும், ஊசி மருந்தும் தேவைப்படும்.

தொட்டியில் கால்சியம் மணல் போடலாமா?

வேண்டாம். வால்நட் ஓட்டுத் தூளும் வேண்டாம். பேப்பர் டவல் அல்லது தரை ஓடு போடுங்கள்.

ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். இனி வாழுமா? (யாழ்ப்பாணம்)

நன்றாகவே வாழும். இரண்டு, மூன்று வாரம் துள்ளும் பூச்சி வேண்டாம், புழுவைக் கிண்ணத்தில் வையுங்கள். இடுக்கியால் கொடுக்கும்போது நல்ல கண் இருக்கும் பக்கமிருந்து நீட்டுங்கள், தெரியாத பக்கமிருந்து தொட்டால் மிரண்டு கடிக்கும். பொந்தையும் நீர்க் கிண்ணத்தையும் இடம் மாற்றாதீர்கள். தின்னாமல் விட்ட வெட்டுக்கிளியை இரவில் தொட்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். தூங்கும் கெக்கோவின் இமையைக் கடித்துவிடும். மீதமிருக்கும் அந்த ஒரு கண்ணுக்கு அது நடக்கக் கூடாது.