உயரம் கூடியதால்தான் எடையும் கூடியதா?

வணக்கம். அமெரிக்க ஆண்களின் சராசரி எடை 1960-62இல் 75.4 கிலோ, 1999-2002இல் 86.6 கிலோ. ஆள் உயர்ந்ததால்தான் எடை ஏறியது என்று புராஜெக்டில் எழுதியதை கைடு அடித்துவிட்டார் என்கிறீர்கள். அவர் அடித்தது சரிதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அன்று சராசரி உயரம் சுமார் 173.5 செ.மீ., பின்னால் 176.5. மூன்றே செ.மீ.! கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ (உடல் நிறை குறியீடு); அது 25இலிருந்து 28 பக்கம் போகிறது. பழைய பிஎம்ஐயே நீடித்திருந்தால் 176.5 செ.மீ. ஆளுக்கு 78 கிலோதான் வரும். ஆக, உயரத்தின் கணக்கில் இரண்டரை கிலோ சொச்சம். மீதி எட்டரை கிலோவுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

அப்புறம் ஒன்று. உயரம் இருபது வயதையொட்டி நின்றுவிடும். சராசரி மாற புதுத் தலைமுறை வந்து சேர வேண்டும். எடை அப்படியில்லை, அதே ஆளுக்கு நாற்பதிலும் ஏறும்.

நல்லவேளை, இந்த எண்கள் வந்த ஆய்வில் உயரத்தையும் எடையையும் நேரில் அளந்தார்கள். வாயால் கேட்டால் ஆண்கள் பொதுவாக உயரத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். பெண்கள் அட்டவணையையும் இப்படியே போடுங்கள்: அன்று 63.6 கிலோ, பின்னால் 74.5 கிலோ, உயர வித்தியாசம் சுமார் ஓர் அங்குலம்.