வீட்டில் பியர் தயாரிக்க வாங்கிய ஈஸ்ட் நன்றாக இருக்கிறதா என்று, போடுவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

திரவ ஈஸ்ட் வாங்கி, தேதி தாண்டிவிட்டதே என்று ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உலர் ஈஸ்ட் என்றால் இவ்வளவு கவலை வேண்டாம். தேதிக்குள் இருக்கிறது, பாக்கெட்டில் ஓட்டை இல்லை என்றால் போட்டுவிட்டுப் போய்த் தூங்குங்கள்.

சண்டைக்கு வருபவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று. நான் இருப்பது மெல்பர்னில். இங்கே வீட்டுக்கு பியர் தயாரிப்பது சட்டப்படி சரி, அனுமதியில்லாமல் காய்ச்சி வடிப்பதுதான் குற்றம். தமிழ்நாட்டில் இதுவும் கூடாது, அங்கிருந்து கேட்கிறீர்கள் என்றால் செய்யாதீர்கள்.

ஒரு ஜனவரி மாதம், வெளியே 40 டிகிரி. கூரியர்காரர் பார்சலை வாசல் வெயிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் எடுத்தால் ஐஸ் பேக் வெந்நீர் மாதிரி இருக்கிறது. காசு கொடுத்தாயிற்றே என்று 20 லிட்டர் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சாற்றில் அப்படியே ஊற்றினேன். மூன்று நாள் ஏர்லாக்கில், அதாவது வாயுவை வெளியே மட்டும் விடும் மூடிக் குழாயில், ஒரு குமிழி இல்லை, நான்காம் நாள் மேலே வெள்ளை ஆடையும் புளிச்ச வாடையும். நாலரை கிலோ மால்ட், ஒரு முழு சனிக்கிழமை, எல்லாம் சாக்கடைக்குப் போயிற்று.

அதற்கப்புறம்தான் ஸ்டார்ட்டர் வைக்க, அதாவது ஈஸ்ட்டை முதலில் கொஞ்சம் சாற்றில் வளர்த்துப் பார்க்க, கற்றுக்கொண்டேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உலர் மால்ட் பொடியைக் கொதிக்க வைத்து, ஆறியதும் ஈஸ்ட்டைப் போட்டு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குலுக்கிவிட வேண்டும். முதல் தடவை காலையில் எழுந்து பார்த்தால் நுரையே இல்லை. "தோசை மாவு மாதிரி பொங்கவே இல்லையே" என்றாள் மனைவி. செத்துவிட்டது என்று சிங்கில் கவிழ்த்தேன். கடைசியில் வழவழவென்று வெண்ணெய் நிறத்தில் இரண்டு விரல் கனத்துக்கு வண்டல் இறங்குகிறது! ராத்திரியே பொங்கி முடித்து அடங்கியிருக்கிறது. தோசை மாவு கெட்டி, காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இது தண்ணி, நுரை அமுங்கிவிடும். அந்த மாவில் முக்கிய வேலை பாக்டீரியாவுடையது என்பது வேறு விஷயம்.

அதனால் நுரையை நம்பாதீர்கள், ஹைட்ரோமீட்டரை நம்புங்கள். சாற்றின் அடர்த்தியைக் காட்டும் கருவி அது, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கும். 1.036-ல் ஆரம்பித்தது 1.010 பக்கம் இறங்கியிருந்தால் ஈஸ்ட் வேலை செய்திருக்கிறது. அப்புறம் மூக்கு. ரொட்டி வாசம் நல்லது. லாகர் (குளிரில் புளிக்க வைக்கும் பியர் வகை) ஈஸ்ட்டில் லேசான கந்தக வாடை வந்தால் பயப்பட வேண்டாம். கருகிய ரப்பர், கெட்டுப்போன இறைச்சி மாதிரி வந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள், வண்டல் பழுப்பாக மாறியிருந்தாலும் அதேதான். ஸ்டார்ட்டர் வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, ஈஸ்ட் செல் பெருகும். 20 லிட்டர் சாதாரண ஏல் வகை பியருக்குச் சுமார் 18,000 கோடி செல் வேண்டும் என்பது கணக்கு, புத்தம் புதுத் திரவ ஈஸ்ட் பாக்கெட்டிலேயே பெரும்பாலும் 10,000 கோடிதான் இருக்கும்.

மைக்ராஸ்கோப் இல்லாமல் என்ன பேச்சு என்று ஒருவர் கட்டாயம் கமென்ட் போடுவார். தெரியும் சார், மெத்திலீன் நீலம் விட்டால் செத்த செல் நீலமாகும், உயிருள்ளது நிறமில்லாமல் இருக்கும். ஆனால் உயிரோடு இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. என் மனைவியின் தம்பியும் உயிரோடுதான் இருக்கிறான். "மாமா அங்கே சாராயம் காய்ச்சுறார்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவன் அவன்தான். போன தீபாவளிக்கு வந்து ஏழு பாட்டில் குடித்துவிட்டு, "கடையில வாங்கினது இல்லையா மாமா?" என்று கேட்டான். குடித்த டம்ளரைக்கூடக் கழுவி வைக்கவில்லை. இப்போது மாமியார் ஒவ்வொரு போனிலும் "அந்த வாளியைத் தூக்கிப் போட்டுட்டீங்களா மாப்பிள்ளை?" என்கிறார்.

சரி, ஸ்டார்ட்டரே கைவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். என் ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பின்னால் எப்போதும் 11.5 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் ஒன்று இருக்கும்.