சிவப்புப் பை தள்ளும் குட்டிப் பூவண்டு: எந்தக் குடும்பத்தில் எழுதுவது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் விதைக்காக விட்ட முள்ளங்கிப் பூவிலும் கொத்தமல்லிப் பூவிலும் நாலைந்து மில்லிமீட்டர் நீளத்தில் வண்டுகள் மொய்க்கின்றன. சிறகு நீலப்பச்சை, மார்பு ஆரஞ்சு. தொட்டால் உடம்பின் இரு பக்கமும் சிவப்பாக ஏதோ பிதுங்குகிறது. கைப்பேசிச் செயலி ஒரு நாள் மலாக்கியிடே என்கிறது, மறுநாள் மெலிரிடே என்கிறது, இன்னொரு படத்துக்கு ஐரோப்பிய வண்டு ஒன்றின் பெயரைச் சொல்கிறது. பள்ளியின் பூச்சிப் பெட்டியில் எதை எழுதுவது? கையில் பட்டால் கொப்பளிக்குமா? மருந்து அடிக்க வேண்டுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். மருந்து அடிக்க வேண்டாம். இந்த வண்டுகள் மகரந்தமும் தேனும் உண்பவை. கூடவே அசுவினி போன்ற மெல்லுடல் பூச்சிகளையும் பூச்சி முட்டைகளையும் தின்னும். இவற்றின் புழுக்கள் மண்ணிலும் இலைச்சருகிலும் மரப்பட்டைக்கு அடியிலும் சிறு பூச்சிகளை வேட்டையாடி வளர்கின்றன. பூவிதழ் கடிபட்டிருந்தாலோ பிஞ்சு ஓட்டையாகியிருந்தாலோ குற்றவாளி வேறு யாரோ. விடிந்ததும் ஒரு முறை, இருட்டியபின் டார்ச்சோடு ஒரு முறை செடியைப் பாருங்கள்.

இனி பெயர். செயலி சொன்ன முதல் இரண்டு பெயர்களும் தப்பில்லை. விலங்குப் பெயரிடல் விதிப்படி குடும்பப் பெயர் ‘இடே’ என்று முடியும், அதற்குள் வரும் துணைக்குடும்பத்தின் பெயர் ‘இனே’ என்று முடியும். மலாக்கியிடே என்றால் இந்தக் கூட்டத்தைத் தனிக் குடும்பமாக வைத்திருக்கிறார்கள். மலாக்கியினே என்றால் அதே கூட்டம் மெலிரிடே என்ற பெரிய குடும்பத்துக்குள் ஒரு கிளை. வண்டு மாறவில்லை, அது உட்காரும் படிதான் மாறியிருக்கிறது.

இந்தப் படி ஏற்ற இறக்கத்துக்கு நீண்ட கதை உண்டு. 1758-இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இவ்வகை வண்டுகளை ‘கேந்தரிஸ்’ என்ற பேரினத்தில் சேர்த்தார். 1775-இல் அவர் மாணவர் ஃபப்ரீசியஸ் ‘மாலக்கியஸ்’ என்று தனிப் பேரினம் கண்டார். மென்மை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதற்குப் பிறகும் வெகுகாலம் மின்மினி, வலைச்சிறகு வண்டு, படைவீரர் வண்டு எல்லாவற்றோடும் இதையும் சேர்த்து ‘மென்தோலிகள்’ என்று ஒரே பொதியாகக் கட்டி வைத்தார்கள். அந்தப் பொதி தவறு. மின்மினியும் படைவீரர் வண்டும் எலட்டராய்டியா என்ற பெருங்குடும்பத்தை, அதாவது பல குடும்பங்கள் அடங்கிய தொகுப்பை, சேர்ந்தவை. நம் பூவண்டு கிளெராய்டியா என்ற இன்னொரு பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. மென்மையான சிறகு இரண்டு பெருங்குடும்பத்திலும் தனித்தனியாக வந்திருக்கிறது. அதை உறவுக்குச் சாட்சியாக எடுத்ததுதான் பிழை, செயலியும் இன்று தோற்றத்தை மட்டும் பார்த்து ஏறக்குறைய அதையேதான் செய்கிறது.

1994-இல் காரெல் மாயெர் என்ற வண்டு ஆய்வாளர் மெலிரிடேயை உடைத்து மலாக்கியிடே, டாசிட்டிடே, ராடலிடே என்று பல குடும்பங்களாகப் பிரித்தார். ஐரோப்பியப் பட்டியல்கள் பலவற்றில் அந்தப் பிரிவினை நிலைத்துவிட்டது. 2019-இல் மரபணு வரிசைகளை வைத்து கிளெராய்டியா முழுவதையும் அலசிய ஆய்வு, மலாக்கியினேயையும் டாசிட்டினேயையும் மறுபடி மெலிரிடேக்குள் துணைக்குடும்பங்களாக வைத்தது. ராடலிடே வெளியே நின்றுவிட்டது. முன்பு மெலிரிடேயின் கிளையாகக் கருதப்பட்ட பிரையனோசெரிடே இப்போது தனிக் குடும்பம். பரந்த பொருளில் மெலிரிடேயில் இதுவரை பெயரிடப்பட்டவை ஏறத்தாழ 6,000 இனங்கள். என் கருத்தில் 2019 ஏற்பாட்டையே பின்பற்றுங்கள். ‘மெலிரிடே, மலாக்கியினே’ என்று இரண்டையும் எழுதிவிட்டால், எந்தப் பட்டியலைக் கையில் வைத்திருப்பவருக்கும் எதைச் சொல்கிறீர்கள் என்று புரிந்துவிடும்.

செயலி சொன்ன மூன்றாவது பெயரை மட்டும் அடித்துவிடலாம். மாலக்கியஸ் பைபஸ்டுலேடஸ் ஐரோப்பியப் புல்வெளி வண்டு. செயலி கற்றுக்கொண்ட படங்களில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுத்தவை. நீலகிரி வண்டின் படத்தைக் கொடுத்தால், தனக்குத் தெரிந்த முகங்களில் நிறம் பொருந்துகிற ஒன்றை அது நீட்டும். தெற்காசியாவில் இந்தக் கூட்டத்தில் லையஸ், இன்டிபியா போன்ற பேரினங்கள் உண்டு. உங்களுடையது அவற்றில் ஒன்றா என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. காரணம் கீழே வருகிறது.

குடும்பத்தை உறுதிசெய்ய நிறத்தை மறந்துவிட்டுப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை எடுங்கள். காலைக் குளிரில், வெயில் ஏறுமுன், வண்டுகள் பூவுக்குள் மரத்துப்போய்க் கிடக்கும். வெள்ளைத் துணியோ கவிழ்த்த குடையோ பூங்கொத்துக்கு அடியில் பிடித்து, காம்பை இரண்டு தட்டு தட்டினால் விழுந்துவிடும். பத்து மணிக்கு மேல் இதைச் செய்தால் பாதி பறந்துவிடும். பிடித்ததை மூடியுள்ள சிறு குப்பியில் போட்டு, குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வையுங்கள். உறைபெட்டியில் வைக்காதீர்கள், செத்துவிட்டால் அடுத்த சோதனை போச்சு.

அந்தச் சோதனை உயிரோடு இருக்கும்போது மட்டுமே நடக்கும். வண்டு அசையத் தொடங்கியதும் பூஜ்ய எண் தூரிகையின் நுனியால் மார்பின் பக்கத்தை மெல்ல அழுத்துங்கள். மார்பின் முன்மூலையிலிருந்தும் வயிற்றின் பக்கத்திலிருந்தும் ஆரஞ்சு கலந்த சிவப்பில் சின்னஞ்சிறு பைகள் பிதுங்கி, சில விநாடியில் மீண்டும் உள்ளே போகும். ஆபத்து வந்தால் காட்டும் தற்காப்பு உறுப்பு இது. மலாக்கியினேக்கு இதுவே முத்திரை. செத்த வண்டில் பைகள் உள்ளேயே சுருங்கிக்கிடக்கும், சாராயத்தில் போட்டபின் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பார்த்த உடனே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

பை தெரியவில்லை என்றால் கால். பின்காலின் கடைசிப் பகுதியில், நகத்துக்கு முன், சிறு கணுக்கள் வரிசையாக இருக்கும். அவற்றை எண்ணுங்கள். ஐந்து வந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம். பின்காலில் நான்கும் முன்காலிலும் நடுக்காலிலும் ஐந்தும் இருந்தால் அது கொப்புள வண்டுக் குடும்பமாகவோ அதன் சுற்றமாகவோ இருக்கும். எல்லாக் காலிலும் நான்குபோலத் தெரிந்து, மூன்றாவது கணு இதயம்போல் பிளந்து அகன்றிருந்தால் இலைவண்டு. இங்கே ஒரு கண்ணி உண்டு: மலாக்கியினே கூட்டத்தின் சில பேரினங்களில் ஆண் வண்டின் முன்காலில் ஒரு கணு குறைந்து நான்காகிவிடும். முன்காலை மட்டும் எண்ணியவர் தவறான குடும்பத்துக்குப் போய்விடுவார். அதனால்தான் பின்காலைச் சொன்னேன்.

அடுத்து மல்லாக்கப் போட்டு வயிற்றின் தட்டுகளை எண்ணுங்கள். ஐந்தோ ஆறோ என்றால் சரி. ஏழோ எட்டோ என்றால் படைவீரர் வண்டு; மலைகளில் பூவின்மேல் அடிக்கடி குழப்புவது இதுதான். உணர்கொம்பின் நுனி கதாயுதம்போல் தடித்திருந்தால் கிளெரிடே. அது இதே பெருங்குடும்பத்தின் இன்னொரு குடும்பம். பை இல்லாமல், உடம்பு நீண்டு நிமிர்ந்த மயிர் அடர்ந்திருந்தால் டாசிட்டினே பக்கம் பாருங்கள். சிறகின் மென்மையையும் விரலால் உணரலாம்: பொறிவண்டின் முதுகை நகத்தால் அழுத்தினால் கடலை ஓடுபோல் விறைத்து நிற்கும், இதன் முதுகு நனைந்த வெங்காயச்சருகுபோல் வளையும். ஆனால் மேலே சொன்னபடி, மென்மை மட்டும் எதையும் நிரூபிக்காது.

கொப்பளிப்பு பற்றி. மலாக்கியினேயில் கொப்புளம் வருவது வழக்கமில்லை. ஆனால் உங்கள் வண்டோடு நிறம் ஒத்துப்போகிற இன்னொன்று உண்டு: பீடரஸ். ஆரஞ்சு உடம்பு, நீலச் சிறகு, இரவில் விளக்குக்கு வரும். சிறகு மிகக் குட்டையாக, வயிற்றின் பெரும்பகுதி மூடாமல் வெளியே நீண்டு, எறும்புபோல் நெளிந்து ஓடினால் அது பீடரஸ்தான். தோலின்மேல் நசுக்கினால் அதன் உடல்நீர் பட்டு ஒரு நாள் கழித்துக் கோடுபோல் கொப்பளிக்கும். நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறுப்பில் மஞ்சளோ செம்மஞ்சளோ பட்டை போட்டு, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக, அவரைப் பூவையும் செம்பருத்தியையும் இதழோடு தின்றுகொண்டிருப்பது கொப்புள வண்டு. அதைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

மெலிரிடே முழுக்கச் சாது என்றும் சொல்லிவிட முடியாது. நியூகினியாவில் பிடோஹுய் பறவையின் இறகில் இருக்கும் பட்ராக்கோடாக்சின் என்ற கொடிய நஞ்சு, அங்குள்ள ‘கோரெசின்’ என்ற மெலிரிடே வண்டுகளிலும் இருப்பது 2004-இல் தெரியவந்தது. நம் மலை வண்டு அந்த வகையில்லை. இருந்தாலும் வாயால் உறிஞ்சிப் பிடிக்கும் குழாயை மாணவர்கள் கையில் கொடுக்காதீர்கள், தூரிகை போதும்.

பேரினம், இனம் என்று இறங்க ஆண் வண்டு வேண்டும். மலாக்கியினே ஆண்களின் தலையிலோ உணர்கொம்பிலோ சிறகு நுனியிலோ குழி, கொக்கி, மயிர்க்குச்சு என்று விசித்திர உறுப்புகள் இருக்கும். இணைசேருமுன் பெண் அந்த இடத்தைக் கடித்துச் சுவைக்கும். லையஸ், இன்டிபியா ஆண்களில் உணர்கொம்பின் அடிப்பக்கக் கணு வீங்கியிருப்பதை லென்ஸிலேயே பார்க்கலாம். இனங்களைப் பிரிப்பது பெரும்பாலும் இந்த உறுப்புகளையும் ஆண் பிறப்புறுப்பையும் வைத்துத்தான். ஒன்றுபோலவே தோன்றும் பெண்களை மட்டும் பத்துப் பிடித்தாலும் பயனில்லை. ஒரே பூவில் ஒன்றாக இருந்த இணையைப் பிரிக்காமல் ஒரே குப்பியில் போடுங்கள். ஆணை அடையாளம் கண்டால் பெண்ணுக்கும் பெயர் கிடைத்துவிடும்.

பாதுகாப்பதில் பலரும் கோட்டைவிடுவது ஊசியில். நாலு மில்லிமீட்டர் மென்வண்டை நேரே குத்தினால் மார்பு பிளந்து கால் உதிரும். கெட்டி அட்டையில் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் நீளத்துக்குச் சிறு முக்கோணம் வெட்டி, அகன்ற முனையில் ஊசியைக் குத்துங்கள். கூர்முனையை லேசாகக் கீழே வளைத்து, பசையை ஊசிமுனையளவு தொட்டு, வண்டின் வலப்பக்க மார்பில் ஒட்டுங்கள். பசை அதிகமானால் வழிந்து வயிற்றுத் தட்டுகளை மூடிவிடும், பிறகு எண்ண வழியில்லை. தண்ணீரில் கரையும் பசையாக இருக்கட்டும்; சூப்பர் க்ளூ போட்டால் பிரிக்கவே முடியாது. கொல்வதற்கு எத்தில் அசிட்டேட் நனைத்த பஞ்சு அரைமணி நேரம் போதும், கண்ணாடிக் குப்பியில் மட்டும். சில பிளாஸ்டிக் குப்பிகள் அந்த ஆவியில் உருகி ஒட்டிக்கொள்ளும். மரபணு ஆய்வுக்கு வைப்பதென்றால் தனியாக 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். கைகழுவும் ஜெல்லில் போடாதீர்கள், பூச்சு படிந்து மயிரெல்லாம் ஒட்டிவிடும்.

மலையில் பெட்டிக்குப் பெரிய எதிரி ஈரம். மேகம் இறங்கிய வாரத்தில் ஒட்டிய வண்டு ஒரே வாரத்தில் பூசணம் பூக்கும். நீலநிறச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை மூலையில் வைத்து, இளஞ்சிவப்பானதும் எடுத்து வாணலியில் சூடாக்கி நீலமாக்கித் திரும்ப வையுங்கள்.

சீட்டில் முதல் வரியில் ஊர், மாவட்டம், கடல்மட்டத்துக்கு மேல் உயரம். இரண்டாவதில் தேதி, எந்தப் பூவில் பிடித்தது, பிடித்தவர். தனிச் சீட்டில் ‘மெலிரிடே, மலாக்கியினே, பேரினம் தெரியாதது, ஆண்’ என்று எழுதி, அதன் கீழே ‘உயிரோடு பை கண்டது’ என்று சேருங்கள். பெயர் நாளை மாறலாம், அதனால் பெயரையும் இடத்தையும் ஒரே சீட்டில் எழுத வேண்டாம். பிடிப்பது உங்கள் தோட்டத்தோடு நிற்கட்டும். சோலைக்காட்டிலும் முக்குருத்தி போன்ற தேசியப் பூங்காவிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு வண்டுகூட எடுக்கக்கூடாது. பெயர் தெரிய வேண்டுமானால் கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகத்தையோ சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தையோ கேளுங்கள். கூரியரில் எத்தனால் குப்பியை வாங்க மறுப்பார்கள். அட்டையில் ஒட்டி உலர்ந்ததை, ஊசி ஆடாதபடி தெர்மோகோலில் ஆழக் குத்தி, சிறு பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் பஞ்சு சுற்றி வைத்து அனுப்புங்கள்.