துருக்கி நண்பர்களின் கடற்கரை வீட்டில் தங்கப் போகிறீர்களா?

கேள்வி: நாங்கள் ஜெர்மனியில் வசிக்கும் இலங்கைத் தமிழ்க் குடும்பம். மேல் மாடியில் இருக்கும் துருக்கிக் குடும்பத்தோடு பல வருடப் பழக்கம். அய்வாலிக் என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு கடற்கரை வீடு இருக்கிறது. ஆகஸ்டில் இரண்டு வாரம் அங்கே வந்து தங்கும்படி வற்புறுத்துகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு 9, 6 வயது. இருவருக்கும் நீச்சல் சரியாகத் தெரியாது. மாமி சுத்த சைவம், நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. செலவுக்குக் காசு கொடுக்கலாமா? எத்தனை நாள் தங்குவது சரி? கடலுக்கு என்ன உடுப்பு?

பதில்: முதலில் காசு விஷயம். கையில் கொடுக்காதீர்கள். உறையில் போட்டு மேசையில் வைத்துவிட்டு வருவதும் வேண்டாம். நான் துருக்கியின் இஸ்மிர் நகரில் ஒன்பது வருடம் குடியிருந்தவள். அங்கே ஒரு வீட்டாரின் மனம் நிஜமாகவே நோகும் காரியம் இதுதான். ‘விருந்தாளி பத்துப் பங்கு அதிர்ஷ்டத்தோடு வருகிறார், ஒன்றைச் சாப்பிட்டு ஒன்பதை விட்டுப்போகிறார்’ என்று துருக்கியில் ஒரு பழமொழி உண்டு. அப்படி நினைக்கிறவர்களிடம் நீங்கள் தங்கியதற்கு விலை போட்டால் அந்த ஒன்பதையும் திருப்பி எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அதற்காகச் சும்மா உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று இல்லை. உங்கள் பங்கைப் பொருளாகவும் வேலையாகவும் கொடுங்கள். காலையில் வீட்டார் எழுவதற்கு முன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போய்ச் சூடான ரொட்டியும் எள் தூவிய சிமித் வளையங்களும் வாங்கி வாருங்கள். இரண்டாம் நாளே அது உங்கள் வேலை என்று வீட்டில் முடிவாகிவிடும். அய்வாலிக்கில் வியாழக்கிழமை பெரிய சந்தை கூடும். அன்று கூடவே போய் அத்திப்பழம், தர்ப்பூசணி, தக்காளி எல்லாம் நீங்கள் முந்திக்கொண்டு வாங்கிவிடுங்கள். அவர்கள் காரில் ஊர் சுற்றினால் ஒருமுறை பெட்ரோல் உங்களுடையது. ஒரு இரவு எல்லோரையும் மீன் உணவகத்துக்குக் கூட்டிப்போங்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே ‘இன்றைக்கு எங்கள் முறை’ என்று சொல்லிவிடுங்கள். கடைக்குப் போனதும், உட்காருவதற்கு முன்பே கல்லாவில் உங்கள் அட்டையைக் கொடுத்து வையுங்கள். பில் வரட்டும் என்று காத்திருந்தால் உங்களால் ஜெயிக்கவே முடியாது. மற்ற இரவுகளில் அவர்கள் கொடுத்தால் ஒரு தடவை மறுத்துப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

எத்தனை நாள்? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மில் சொல்வார்கள். துருக்கியில் மூன்று நாளில் கிளம்பினால் ‘எங்களிடம் என்ன குறை கண்டீர்கள்’ என்று கேட்பார்கள். ஆனால் இரண்டு வாரம் நீளம் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் ‘யாஸ்லிக்’ என்று சொல்லும் கோடை வீடுகள் பெரும்பாலும் சின்னவை: இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, ஒரு பெரிய பால்கனி. ஆகஸ்டில் அண்ணன் குடும்பம், தங்கை குடும்பம், பேரப்பிள்ளைகள் என்று எல்லோரும் அங்கேதான் வருவார்கள். உங்களுக்கு அறையைக் கொடுத்துவிட்டு யாரோ ஒருவர் சோபாவில் படுப்பார், அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார். ஆகவே ஆறு அல்லது ஏழு நாள் தங்குங்கள். திரும்பும் தேதியை இப்போதே சொல்லிவிடுங்கள். மிச்ச நாளுக்குப் பக்கத்திலுள்ள ஜுந்தா தீவில் ஒரு சின்ன விடுதி பிடிக்கலாம். தீவு என்றாலும் அங்கே காரிலேயே போகலாம். ‘பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட ஆசை’ என்று காரணம் சொன்னால் யாருக்கும் வருத்தம் இருக்காது, மாலையில் அவர்கள் வீட்டுக்கு டீ குடிக்கவும் போய் வரலாம்.

சாப்பாட்டில் மாமிக்கு இதைவிட நல்ல கரை துருக்கியில் கிடையாது. அய்வாலிக் ஆலிவ் எண்ணெய்க்குப் பெயர் போன ஊர். காய்கறியை ஆலிவ் எண்ணெயில் வேகவைத்து ஆறவிட்டுப் பரிமாறும் வகைக்கு ‘ஸெய்தின்யாலி’ என்று பெயர். பச்சை பீன்ஸ், கூனைப்பூ (ஆர்டிசோக்), கத்தரிக்காய், அரிசி அடைத்த திராட்சை இலை என்று அது நீண்டுகொண்டே போகும். உப்பு மண்ணில் வளரும் கடற்கீரையைப் பூண்டும் எண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்துத் தருவார்கள், மாமி அதை அவசியம் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இறைச்சிதான். பருப்பு சூப்பில் எலும்புச் சாறும் பிலாவ் சோற்றில் கோழிச் சாறும் சேர்ந்திருக்கலாம். திராட்சை இலையில் கொத்திறைச்சி வைத்த வகையும் உண்டு, அது சூடாக வரும். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் சிலர் கோழியையோ மீனையோ கணக்கில் எடுக்க மாட்டார்கள். இறைச்சி, கோழி, மீன், அவற்றின் சாறு எதுவும் வேண்டாம் என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள்.

உங்களுக்கு, மாட்டிறைச்சி. ‘தானா’ என்றால் மாட்டிறைச்சி, ‘குஸு’ ஆட்டுக்குட்டி, ‘தாவுக்’ கோழி. கொஃப்தே என்ற இறைச்சி உருண்டை, கொத்திறைச்சி தடவிச் சுட்ட லாமஜுன் ரொட்டி போன்றவற்றில் பெரும்பாலும் மாடு கலந்திருக்கும். காலை உணவிலேயே ‘சுஜுக்’ என்ற காரமான தொத்திறைச்சியை முட்டையோடு பொரித்து வைப்பார்கள், அதுவும் மாடுதான். இதையெல்லாம் அங்கே மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்லாதீர்கள். மணிக்கணக்காகச் சமைத்த அம்மாவின் முகம் வாடிவிடும். ஜெர்மனியில் இருக்கும்போதே உங்கள் மேல் மாடித் தோழியிடம் சொல்லி, அவர் வழியாகத் தாயாருக்குத் தெரியட்டும். அப்புறம் பாருங்கள், மாமிக்கென்று தனிச் சட்டியே அடுப்பில் ஏறும்.

வீட்டுப் பழக்கங்களை நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. செருப்பு வாசலோடு நிற்கும், உள்ளே போட வேறு செருப்பு தருவார்கள். வந்ததும் கையில் எலுமிச்சை வாசனைக் கொலோன் ஊற்றினால் இரு கைகளிலும் தேய்த்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து வந்தால் வாசல் குழாயில் காலைக் கழுவி, மணல் ஒரு துளி இல்லாமல் உள்ளே போக வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே அழுத்திச் சொல்லிவையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கம்பக்கம் முழுக்க ஓய்வு நேரம், பந்து விளையாட்டு அப்போது கூடாது. இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கும் ஆகும், பிள்ளைகள் பதினொரு மணிக்கும் வெளியே ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு வாரம் தூக்க நேரத்தைக் கண்டுகொள்ளாதீர்கள்.

டீ நிற்கவே நிற்காது. கிளாஸ் காலியானால் மறுபடி நிரம்பும். போதும் என்றால் கரண்டியைக் கிளாஸின் மேல் குறுக்கே வையுங்கள், புரிந்துகொள்வார்கள். சாராயம் வீட்டுக்கு வீடு வேறுபடும். அவர்கள் ஊற்றினால் உங்கள் விருப்பம், நீங்களாகப் போத்தல் வாங்கிப் போகாதீர்கள்.

இனிக் கடல். இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். அய்வாலிக்கின் பெரிய மணற்கரை சரிம்சாக்லி. பாறைக் குடாக்களும் நிறைய உண்டு, அங்கே கடல் முள்ளெலிகள் என்ற, உடம்பெல்லாம் முள் உள்ள சின்ன உயிரிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு ரப்பர் அடி வைத்த தண்ணீர்ச் சப்பாத்து கட்டாயம். ஆபத்து எனக்குத் தெரிந்தவரை அலையில் இல்லை, காற்றில் இருக்கிறது. கோடையில் ஏஜியன் கடலில் ‘மெல்தெம்’ என்ற வடகாற்று வீசும், பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வலுக்கும். தெற்கு நோக்கிய கரையில் அது நிலத்திலிருந்து கடல் பக்கமாகத் தள்ளும். தண்ணீர் குளம் போல அமைதியாகத் தெரியும், ஆனால் காற்றடைத்த மெத்தையோ வளையமோ நிமிடக்கணக்கில் ஆழத்துக்குப் போய்விடும். ஒரு பிற்பகல் ஆறு வயதுப் பையன் ஒருவன் அன்னப்பறவை மிதவையில் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். படகில் போய்த்தான் கொண்டு வந்தார்கள். ஆகவே மிதவை வாங்கவே வேண்டாம். உடம்போடு கொக்கி மாட்டும் மிதவைச் சட்டை வாங்குங்கள், பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில், அவர்களைவிடக் கடல் பக்கமாக நிற்கட்டும். கடலுக்கு நல்ல நேரம் காலை. அவசரத்துக்கு நாடு முழுவதும் ஒரே எண், 112.

உடுப்புக்குக் கவலை வேண்டாம். அந்தக் கரையில் பிகினி போட்ட பேத்தியும், தலை முதல் கால் வரை மூடும் ‘ஹாஷெமா’ நீச்சலுடையில் பாட்டியும் ஒரே குடையின் கீழ் உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்கு எது வசதியோ அது. பருத்திச் சுரிதாரோடும் துப்பட்டாவோடும் மட்டும் இறங்காதீர்கள். நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும். நீளக்கை நீச்சல் உடை அங்கேயே கடைகளில் கிடைக்கும். கரையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது மேலே ஒன்றைப் போட்டுக்கொண்டால் நல்லது.

பரிசுக்கு உங்கள் கையிலேயே பதில் இருக்கிறது: நல்ல சிலோன் டீ. துருக்கியர்கள் தங்கள் ரிஸே தேயிலையை வாழ்நாள் முழுக்கக் குடித்தாலும் ‘செய்லான்’ என்றால் தனி மரியாதை. இலங்கையிலிருந்து உறவினர் அனுப்பியது என்றால் இன்னும் மேல். கூடவே கொஞ்சம் மிளகு, கறுவாப்பட்டை. மதுச் சாக்லெட் வேண்டாம்.

தோழியின் தாயாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ‘தெய்ஸே’ என்று அழையுங்கள். தாயின் சகோதரி என்று பொருள், நம் சின்னம்மா போல. உங்களைவிட மூத்த பெண் ‘அப்லா’, மூத்த ஆண் ‘ஆபி’. தந்தை வழி, தாய் வழி என்று மாமன் சித்தப்பன்களைப் பிரித்துச் சொல்லும் பழக்கம் அவர்களுக்கும் உண்டு, அம்மாவை அவர்கள் ‘அன்னெ’ என்பதை மாமி கேட்டால் சந்தோஷப்படுவார். சாப்பிட்டு முடித்ததும் சமைத்தவரிடம் ‘எலினிஸெ சாலிக்’ என்று சொல்லுங்கள். உங்கள் கைக்கு ஆரோக்கியம் உண்டாகட்டும் என்று அர்த்தம். துருக்கியில் ஒரே ஒரு சொல் கற்றுக்கொள்ள நேரம் இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அடுப்பைக் கேட்டு வாங்கி நீங்கள் சமையுங்கள். பருப்புக் கறி, கத்தரிக்காய், எலுமிச்சைச் சோறு போதும். கறிவேப்பிலையும் தேங்காய்ப் பாலும் அங்கே எளிதில் கிடைக்காது, கொண்டுபோங்கள். மிளகாய்த்தூளை உங்கள் கைப்பழக்கத்தில் பாதியாகக் குறையுங்கள். கொஞ்சம் கூடுதலாகவே செய்யுங்கள், ஏனென்றால் அதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்து தட்டுகள் வந்திருக்கும். அங்கே தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை.

ஆவணம்: ஜெர்மன் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. மாமியிடம் இலங்கை பாஸ்போர்ட்தான் என்றால் அவருக்கு விசா வேண்டும், துருக்கித் தூதரகத்தில் இப்போதே விசாரியுங்கள்.

கிளம்பும் அன்று கார் நகர்ந்ததும் பின்னாலிருந்து தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேட்கும். ‘தண்ணீரைப் போலப் போய்த் தண்ணீரைப் போலத் திரும்பி வாருங்கள்’ என்று ஒரு பாத்திரம் தண்ணீரை உங்கள் பின்னால் ஊற்றுவார்கள். பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள், பின்கண்ணாடி வழியாகக் கையசைக்கட்டும்.