வேல்ஸ் சிற்றூரில் ஒரு நிகழ்ச்சியை ஊருக்கெல்லாம் தெரிவிப்பது எப்படி?

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில், சிற்றூர் நிகழ்ச்சியை அறிவிக்க ஃபேஸ்புக் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வயதானவர்களை எட்ட வேண்டுமென்றால் போதாது. அங்கே நம்பகமான வழி ‘பாப்பிர் ப்ரோ’, அதாவது வட்டாரத்துக்கென வெல்ஷ் மொழியில் வரும் மாத ஏடு. முதலாவது 1973இல் கார்டிஃபில் தொடங்கிய ‘அ டினெசித்’. தலைநகரில் பிறந்தாலும், இந்த வழக்கம் வேரூன்றியது கிராமங்களில்தான்.

எல்லாமே தன்னார்வலர் வேலை. ஊருக்கு ஒரு செய்தியாளர் இருப்பார். பிறப்பு, இறப்பு, நலம் விசாரிப்பு, தேநீர் விருந்து எல்லாம் அந்த ஊர்ப் பெயரின் கீழ் வரும். அச்சான தாள்களை மண்டபத்தில் கூடி மடித்து அடுக்கும் ‘மடிப்பு இரவு’ சில இடங்களில் இன்றும் உண்டு. (ஊர் வம்பு முதலில் வெளியாவது அங்கேதான்!)

பலர் கோட்டைவிடுவது தேதியில். ஜூன் 5 நிகழ்ச்சியை ஜூன் இதழுக்கு அனுப்பினால், ஏடு கைக்கு வருமுன் நிகழ்ச்சியே முடிந்திருக்கும். மே இதழுக்கே அனுப்புங்கள். ஆகஸ்டில் பல ஏடுகள் வராது. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடுவதால் அச்சில் மங்கும்; மூலக் கோப்பை மின்னஞ்சலில் இணையுங்கள். வெல்ஷ் தெரியாவிட்டால் நாள், நேரம், இடம், கட்டணம் நான்கையும் எளிய ஆங்கிலத்தில் எழுதி, மொழிபெயர்த்துப் போட முடியுமா என்று செய்தியாளரிடம் கேளுங்கள்.